ஏழுக்குப் பூஜ்யம்

கர்டிஸ் வோபாட் எங்கள் பள்ளி வாரியத்தில் உட்கார்ந்திருந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தீர்மானத்தைத்தான் முன்மொழிந்தான். அதை எழுதி, முத்திரை குத்தி, பத்திரப்படுத்தி வைத்தவள் நான். மற்ற நாளெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது "வழிமொழிகிறேன்" மட்டும்தான். கூரை ஒழுகலை அடைக்கலாமா என்றால் வழிமொழிகிறேன். பேருந்துக்கு டயர் மாற்றலாமா என்றால் வழிமொழிகிறேன். வேறு யாராவது காலை நனைத்துப் பார்த்து, தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது என்று சொன்ன பிறகே அவன் செருப்பைக் கழற்றுவான்.

என் பெயர் ஆர்லீன் பாவெல்கா. எங்கள் ஊரான ஸ்வோபடாவின் பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். ஃபோன் எடுப்பேன், வருகைப் பதிவு போடுவேன், முழங்கால் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு மருந்து தடவுவேன். மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை மாலை பள்ளி நூலகத்தில் வாரியம் கூடும்போது அதற்கும் நான்தான் எழுத்தர். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஏழு உறுப்பினர்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். உயர்நிலை வகுப்புகளில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். மீதி எல்லாம் கோதுமை.

கர்டிஸ் எங்கள் ஊர்க்காரன், ஆனால் எங்கள் பள்ளியின் ஆசிரியன் அல்ல. முப்பத்தொரு மைல் தள்ளி லாக்வுட் இருக்கிறது. ஒன்பதாயிரம் பேர் உள்ள ஊர், நீதிமன்றமும் ஆஸ்பத்திரியும் அங்கேதான். அங்குள்ள பெரிய பள்ளியில் அவன் குடிமையியல் பாடம் நடத்தினான். வேலை பார்க்கிற பள்ளியின் வாரியத்தில் ஆசிரியர் உட்காரக் கூடாது என்பது சட்டம். ஆகவே குடியிருக்கும் ஊரின் வாரியத்துக்குப் போட்டி போட்டான். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. சட்டைப் பையில் அரசியல் சாசனத்தைச் சின்னப் புத்தகமாக வைத்திருப்பான். அதை அவன் திறந்து நான் பார்த்ததில்லை. பேசும்போது அந்தப் பையைத் தட்டுவான், அவ்வளவுதான்.

எங்கள் வாரியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று கூட்டக் குறிப்பில் எழுத மாட்டோம். என்ன செய்தோம் என்று மட்டும் எழுதுவோம். பேச்சையெல்லாம் சேர்த்து "கலந்துரையாடப்பட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். திங்கட்கிழமை மாலை நீங்கள் முட்டாள் என்று திட்டிய ஆள்தான் செவ்வாய்க்கிழமை காலையில் பனியில் சிக்கிய உங்கள் காரைத் தன் டிராக்டரால் இழுக்க வேண்டியிருக்கும். திட்டியதை எழுதி வைத்து யாருக்கு என்ன லாபம்? என் குறிப்புகள் எப்போதும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. கீழே வாக்கு எண்ணிக்கை, ஏழுக்குப் பூஜ்யம். எப்போதும் ஏழுக்குப் பூஜ்யம்தான், ஏனென்றால் முந்தின நாளே வாரியத் தலைவர் எல்டன் டோலஸால் மற்ற ஆறு பேருக்கும் ஃபோன் போட்டுப் பேசி முடித்திருப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாருக்காவது முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்களுக்கு வராது. அதற்குப் பதில் ஓர் ஆய்வுக் குழு அமைப்போம். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாரியம் பதினோரு ஆய்வுக் குழுக்களை அமைத்திருக்கிறது. ஒன்றுகூட ஒரு தடவையும் கூடியதில்லை. கிடப்பில் போடுவதற்கு எங்கள் ஊரில் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

நான்கு வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் லாக்வுட் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு ஊர்ப் பள்ளிகளையும் இணைப்பது பற்றிப் பேசலாமே என்று தேனொழுக எழுதியிருந்தார்கள். இணைப்பது என்றால் எங்கள் பள்ளிக்குப் பூட்டு என்று அர்த்தம். எல்டனின் பண்ணை ஊரிலிருந்து மேற்கே பதினாலு மைல். லாக்வுட் கிழக்கே. அவர் மகள் டெஸ்ஸா அப்போது நாலாவது படித்தாள். உயர்நிலைக்கு வரும்போது அவள் காலை ஐந்து ஐம்பதுக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

அன்றைக்குக் கூட்டத்தில் கர்டிஸ் எழுந்து நின்றான். சட்டைப் பையைத் தட்டினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த ஸ்கூல மூடறதுக்கு என் கை என்னைக்காவது மேல போச்சுன்னா, இந்த மேஜையோட சேத்து என்னையும் தூக்கி வெளிய பனியில போடுங்க. ஆர்லீன், இத எழுதிக்குங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எழுதவில்லை. வழக்கம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு அவன்மேல் இருந்த பிரியம். நாளைக்கு யாராவது இதை எடுத்து அவனைக் கேலி செய்யக் கூடாதே என்று நினைத்தேன். அவன் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம்.

எல்டன் தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "அதெல்லாம் சரிப்பா. ஆனா லாக்வுட்காரங்களுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி பதில் எழுத முடியாது. நாளைக்கு நமக்கு நெஞ்சு வலின்னா அவங்க ஆம்புலன்ஸ்தான் வரணும்."

"அதுக்கென்ன," என்றான் கர்டிஸ். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இணைப்பின் சாத்தியங்களை ஆராய ஒரு குழு அமைக்கணும்னு நான் முன்மொழியறேன்."

எல்லோருக்கும் சிரிப்பு. பன்னிரண்டாவது குழு. கர்டிஸ், எல்டன், கூட எங்கள் ஊர்ப் பாதிரியார். குழு கூடவே இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: "பள்ளியின் எதிர்காலம் குறித்துக் கலந்துரையாடப்பட்டது. லாக்வுட் பள்ளியுடன் இணைவதை ஆராயக் குழு அமைக்க வோபாட் முன்மொழிந்தார். நிறைவேறியது, 7–0." அடியில் எல்டன் தலைவராகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர், எண்பது வயதுக்காரர், ஓய்வு பெற்றார். கர்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. வாரியத்துக்கு நின்றபோது அவனை எதிர்க்க ஆள் இல்லாததை ஊர் தன்மேல் வைத்த நம்பிக்கை என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் பள்ளி வாசலில் எங்கள் பள்ளியின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று படம் எடுத்தான். துண்டறிக்கையில் அந்தப் படம், அடியில் "ஆசிரியர். பள்ளி வாரிய உறுப்பினர். நம்மில் ஒருவர்."

நாங்கள் எவ்வளவு பெரிய அசடுகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சமையல்காரி ரோஸெல்லா தேர்தல் நிதிக்காக கொலாச்சி, அதாவது நடுவில் ஆப்பிரிகாட் பழக்கூழ் வைத்த இனிப்பு ரொட்டி, எழுநூறு சுட்டாள். எல்டன் ஊர்வலத்தில் அவனைத் தன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார், அவன் இரண்டு பக்கமும் மிட்டாய் வீசினான். லாக்வுட்டும் எங்கள் தொகுதிதான், நான் அங்கே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். மூன்று சனிக்கிழமைகள், இருநூற்றுச் சொச்சம் வாசல்கள். ஒரு வீட்டு நாய் என் பாவாடை ஓரத்தைக் கிழித்தது. "எங்க ஸ்கூல காப்பாத்தறதுக்கு அவர்தான் ஆளு," என்று லாக்வுட்காரர்களிடமே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கர்டிஸ் அவர்களிடம் என்ன சொல்லியிருந்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டில் ஜெயித்தான். வாரியத்திலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுத்தான், அவன் இடத்துக்கு வேறொருவரை நியமித்து, ஏழுக்குப் பூஜ்யம் என்று நன்றித் தீர்மானம் போட்டு அனுப்பினோம்.

தலைநகரம் போன பிறகு ஆள் மாறினான் என்று ரோஸெல்லா சொல்வாள். மாறவில்லை என்பேன் நான். வழிமொழிய அங்கே பெரிய ஆட்கள் கிடைத்தார்கள், அவ்வளவுதான். முதல் குளிர்காலத்தில் ஊருக்கு வந்தபோது தபால் நிலையத்தில் பார்த்தேன். கோட்டின் காலரில் சட்டசபைச் சின்னம் குத்தியிருந்தான். பள்ளி விஷயம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நிலைமை கொஞ்சம் சிக்கலானது ஆர்லீன். எல்லாத் தரப்பையும் பாக்கணும்."

"நம்ம தரப்ப பாத்தியா?"

"அதுதானே மொதல்ல," என்று பையைத் தட்டினான். கோட்டுக்கு மேலே தட்டினதால் உள்ளே புத்தகம் இருந்ததா என்று தெரியவில்லை.

அடுத்த தேர்தலிலும் ஜெயித்தான். கல்விக் குழுவின் துணைத் தலைவர் ஆனான். இந்த வருஷம் ஜனவரியில் அவன் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த நவம்பர் கூட்டக் குறிப்பின் சான்றிட்ட நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தான். சிறிய பள்ளிகளை மூடுவதற்கு ஒரு மசோதா வருகிறது என்று வானொலியில் கேட்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பையன் நமக்காகப் போராடப் போகிறான், ஆதாரம் தேடுகிறான் என்று நினைத்தேன். நகல் எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். கூடவே ரோஸெல்லாவிடம் சொல்லி ஒரு பெட்டி கொலாச்சியும் வைத்தேன்.

பத்து நாளில் மசோதாவின் நகல் வந்தது. எல்டன் அதை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நாலாவது பக்கத்தப் படி."

படித்தேன். எழுபத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைவான உயர்நிலைப் பள்ளிகள் பக்கத்துப் பெரிய பள்ளியோடு இணைய வேண்டும். எல்லா ஊர்களுக்கும் பத்து வருஷம் அவகாசம். ஆனால் தாங்களாகவே முன்வந்து இணைப்பை ஆராயத் தீர்மானம் போட்டிருக்கும் ஊர்கள் மட்டும் இந்தக் கோடையிலேயே இணையும். இந்தக் கடைசி வரி தனியாகச் சேர்க்கப்பட்ட திருத்தம். சேர்த்தவர் பெயர் கர்டிஸ் வோபாட்.

"தீர்மானம் போட்ட ஊரு எத்தன இருக்கும்?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்துல ஒண்ணுதான்," என்றார் எல்டன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கண்ணடித்தபோதே இதைத் திட்டம் போட்டிருந்தானா என்று ஊரில் பலர் கேட்டார்கள். அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. அன்றைக்கு அவன் நிஜமாகவே வேடிக்கைக்குத்தான் செய்தான். லாக்வுட்டில் ஒன்பதாயிரம் பேர், எங்களிடம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். லாக்வுட்காரர்களுக்குத் தாங்கள் கட்டியிருந்த புதுப் பள்ளிக் கட்டடத்தை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும், கொண்டுவருகிறேன் என்று ஓட்டுக் கேட்டபோதே அவர்களிடம் சொல்லியிருந்தான். மற்ற சின்ன ஊர் உறுப்பினர்களுக்குப் பத்து வருஷ அவகாசம் கொடுத்தால் அவர்கள் ஓட்டும் கிடைக்கும். யாரையாவது ஒருவரைப் பலி கொடுத்தாக வேண்டும் என்றபோது அவன் கைக்கு எட்டினது நாங்கள். சூழ்ச்சிக்காரன் என்றால்கூட ஒரு மரியாதை இருக்கும்.

பிப்ரவரியில் மசோதா பற்றிச் சட்டசபைக் கல்விக் குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் விசாரணை. எல்டன், ரோஸெல்லா, நான், மூன்று பேரும் எல்டனின் பிக்கப் வண்டியில் விடியுமுன் கிளம்பி நாலு மணி நேரம் போனோம். வழியெல்லாம் பக்கவாட்டில் வீசியடிக்கும் பனி. ரோஸெல்லா மடியில் என்ன பேசுவது என்று எழுதின காகிதம்.

"அவன் நம்ம பையன்டி," என்றாள். "நம்மள நேருக்கு நேரா பாத்தா அவனால முடியாது."

"எழுநூறு கொலாச்சி சுட்டவ பேச்சு இது," என்றேன். "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வா."

சட்டசபைக் கட்டடத்தில் வழவழவென்று தரை, எங்கள் பூட்ஸிலிருந்து சேறு உதிர்ந்தது. வாசலில் ஒரு தாளில் பெயர் எழுத வேண்டும். ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று கட்டம் போட்டிருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம். குழுத் தலைவர் அன்றைக்கு வரவில்லை, ஆகவே நடுநாற்காலியில் கர்டிஸ். அவன் முன்னால் ஒரு சின்ன மணி. எங்கள் நூலகத்தில் மூன்று நிமிஷம் கொடுப்போம், மணி கிடையாது.

முதலில் எல்டன் போனார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குழு சும்மா மரியாதைக்கு அமைத்தது, ஒரு நாளும் கூடவில்லை என்று சொன்னார். கர்டிஸ் பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். என் முத்திரை எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"மிஸ்டர் டோலஸால், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, ஆனா..."

"வாக்கு எவ்வளவுன்னு படிக்க முடியுமா?"

"ஏழுக்குப் பூஜ்யம்."

"யாராவது எதிர்த்துப் பேசினதா இதுல இருக்கா?"

"நாங்க அப்படியெல்லாம் எழுதறதில்ல. உனக்குத் தெரியாதா கர்டிஸ்? நீயும் அந்தக் குழுவுல..."

மணி அடித்தது. எல்டன் அறுபத்திரண்டு வயதுக்காரர், ஆறடி இரண்டங்குலம். மணி அடித்ததும் பள்ளிப் பிள்ளை மாதிரி பேச்சை நிறுத்திவிட்டார்.

அடுத்து என் பெயர். "திருமதி பாவெல்கா," என்று கூப்பிட்டான். இருபது வருஷமாக என்னை ஆர்லீன் என்று கூப்பிட்டவன். எழுதி வைத்திருந்ததை நான் மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

"அந்த மினிட்ஸ எழுதினவ நான்," என்றேன். "அதே கூட்டத்துல, அந்தத் தீர்மானத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னால, நீ எழுந்து நின்னு என்ன சொன்னன்னு இவங்ககிட்ட சொல்றேன். ஸ்கூல மூட உன் கை மேல போச்சுன்னா மேஜையோட சேத்து உன்னத் தூக்கிப் பனியில போடச் சொன்ன."

மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த உறுப்பினர்களில் சிலர் சிரித்தார்கள். கர்டிஸின் கழுத்து சிவந்தது. ஆனால் குரல் மாறவில்லை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையிடம் பேசும் குரல் அது.

"மேடம், அது இந்த ஆவணத்துல இருக்கா?"

"இல்ல."

"நான் சொன்னதா நீங்க சொல்றத, எழுதிக்கச் சொல்லி யாராவது கேட்டாங்களா?"

அந்தக் கேள்வியை அவன் வேண்டுமென்றுதான் கேட்டான். அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"கேட்டாங்க," என்றேன். "நீதான் கேட்ட."

"அப்ப அத எழுதாம விட்டது யாரு?"

"நான்தான்."

மணியை அடிக்க அவனுக்கு அவசியமே இருக்கவில்லை. எனக்கு இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது என்று ரோஸெல்லா பிறகு சொன்னாள். நான் போய் உட்கார்ந்துவிட்டேன். ரோஸெல்லா தன் காகிதத்தை வாசித்தாள், அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இடைவேளை விட்டதும் கர்டிஸ் வெளியே தாழ்வாரத்தில் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தான். எல்டனின் தோளைத் தட்டினான். "தனிப்பட்ட முறையில எதுவும் எடுத்துக்காதீங்க. எப்படியும் பத்து வருஷத்துல நடக்கப் போறதுதான். கொலாச்சி பிரமாதமா இருந்துச்சு ரோஸெல்லா, ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிட்டாங்க."

கடவுளே, எல்டன் அவனுக்கு "நன்றி" சொன்னார். பழக்கதோஷம்.

"பத்து வருஷத்துல டெஸ்ஸா படிச்சு முடிச்சிருப்பா," என்றேன் நான்.

"ஆர்லீன், நீங்க உணர்ச்சிவசப்படறீங்க."

"ஆமாடா. உணர்ச்சிவசப்பட்டுத்தான் உனக்காக இருநூறு கதவத் தட்டினேன்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

இரண்டு வாரம் கழித்து அந்த விசாரணையின் குறிப்பை வரவழைத்துப் படித்தேன். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வரி இருந்தது. "ஸ்வோபடாவிலிருந்து டோலஸால், பாவெல்கா மற்றும் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கலந்துரையாடப்பட்டது." யார் எழுதினார்களோ தெரியாது. சுத்தமான வேலை, ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றியபோது மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேர் எழுந்து நின்று எதற்காகவெல்லாம் கெஞ்சியிருப்பார்கள், நான் எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடியிருக்கிறேன்.

மசோதா நிறைவேறியது.

மே மாதக் கூட்டத்துக்குக் கர்டிஸ் வருவதாகச் சொல்லியனுப்பினான். சட்டசபையின் சார்பில் எங்கள் பள்ளியைக் கௌரவிக்கப் போகிறானாம். அன்றைக்குப் பள்ளியின் கடைசி விருந்து. ரோஸெல்லா குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் போடுவதையே போட்டாள், சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் அதோடு இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும். நூலகத்தில் நிற்க இடமில்லை. கர்டிஸ் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தான். தொண்ணூற்றாறு வருஷச் சேவையை இந்தச் சபை பாராட்டுகிறது என்று இருந்தது. கீழே தங்கநிற முத்திரை, என்னுடையதைவிடப் பெரிசு.

ஊரே அங்கே இருந்தது. மேஜையும் அங்கேதான் இருந்தது, பழைய ஓக் மேஜை, நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். எல்லோரும் கை தட்டினார்கள். எல்டன் பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரோஸெல்லா அவனுக்குத் தட்டு போட்டுக் கொடுத்தாள். இன்னொரு ரொட்டி கேட்டான், கொடுத்தாள். நானும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைக் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு காப்பி வேண்டுமா என்று கேட்போம், அப்படிப்பட்ட ஜனங்கள் நாங்கள். ஆனால் என் கை எழுதிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் வாரியத்தின் கடைசிக் கூட்டம். முந்தைய மாதக் குறிப்பை ஏற்பதுதான் எப்போதும் முதல் வேலை. யாரும் படிக்க மாட்டார்கள், கை தூக்கிவிடுவார்கள். இந்த முறை ஏழு பேர் முன்னாலும் ஒன்பது பக்கம் வைத்தேன். எல்டன் கனத்தைப் பார்த்துக் கண்ணாடியைத் தேடி மாட்டினார்.

முதல் பக்கத்தில் ஒரு திருத்தம். பழைய கூட்டக் குறிப்பில் ஏதாவது விடுபட்டிருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது. அந்த விதியைப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எடுத்தேன். "நவம்பர் கூட்டத்தில் கர்டிஸ் வோபாட் சொன்னது," என்று போட்டு, மேஜையும் பனியும் உட்பட அவன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். "இதை எழுதிக்கொள்ளும்படி அவரே கேட்டார். எழுத்தர் வேண்டுமென்றே விட்டுவிட்டார்." அதற்குப் பிறகு மே மாதக் கூட்டம், ஒருவரையும் விடாமல்.

எல்டன் உதடு அசையப் படித்தார். மற்றவர்களும் படித்தார்கள். இருபது நிமிஷத்துக்குக் காகிதம் புரளும் சத்தம்தான்.

"ஆர்லீன்," என்றார் எல்டன். "எட்டாவது பக்கத்துல, நான் பத்திரத்த வாங்கிக்கிட்டு அழுதேன்னு எழுதியிருக்க."

"அழுதீங்களா இல்லையா?"

"அழுதேன்."

"அப்ப இருக்கட்டும்."

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே நான் எழுதியிருந்தது இது: "சட்டசபை உறுப்பினர் வோபாட் ஒரு கிண்ணம் சில்லியும் இரண்டு சுருள் ரொட்டியும் சாப்பிட்டார். தொண்ணூறு பேர் இருந்தனர். அவர் கொடுத்த வாக்கை யாரும் நினைவுபடுத்தவில்லை. எழுத்தரும் நினைவுபடுத்தவில்லை. மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது."

எல்டன் அதை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றினார். திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு கையாக மேலே போனது.

ஏழுக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். மறுநாள் அலுவலகத்தைக் காலி செய்வதற்கு முன்னால் சான்றிட்ட நகல் ஒன்று எடுத்து, முத்திரையை அழுத்திக் குத்தி, கர்டிஸின் அலுவலகத்துக்கும் லாக்வுட் செய்தித்தாளுக்கும் தபாலில் போட்டேன். இந்த முறை யாரும் கேட்கவில்லை. கொலாச்சியும் வைக்கவில்லை.